பாட்-லிமிட் ஒமாஹாவில் லாபம் பார்க்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுருக்கமாகச் சொல்லுங்கள்: முடியுமா, முடியாதா?

பாட்-லிமிட் ஒமாஹா (சுருக்கமாக பிஎல்ஓ) என்ற போக்கர் சீட்டாட்டத்தில் லாபம் பார்க்க முடியும், ஆனால் எல்லா மேசையிலும் முடியாது. எதிரே அமர்ந்திருப்பவர்கள் செய்யும் தவறுகளின் மதிப்பிலிருந்து, மேசை நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் பங்கைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் இந்த ஆட்டத்தில் ஒருவருடைய வரவு. முதல் தொகை பெரிதாக இருக்கும் மேசைகள் இன்றும் உண்டு. இரண்டாம் தொகை அதை முழுவதுமாக விழுங்கிவிடும் மேசைகளும் உண்டு. எந்த மேசை, யார் எதிரே, கட்டணம் எவ்வளவு என்பதைச் சொல்லாமல் “பிஎல்ஓ லாபகரமானதா” என்று கேட்பது, கடை எந்தத் தெருவில், வாடகை எவ்வளவு என்று சொல்லாமல் “டீக்கடை வைத்தால் லாபமா” என்று கேட்பதைப் போன்றதாகும்.

எனக்கு ஹோல்டெம் போக்கர் மட்டுமே தெரியும். ஒமாஹா எங்கே வேறுபடுகிறது?

ஹோல்டெமில் இரண்டு சீட்டு, ஒமாஹாவில் நான்கு. அந்த நான்கில் சரியாக இரண்டையும், மேசையில் திறந்திருக்கும் ஐந்தில் சரியாக மூன்றையும் சேர்த்துத்தான் கையை அமைக்க வேண்டும். புதியவர்களுக்கு முதல் நஷ்டம் இந்த விதியில்தான் வருகிறது. மேசையில் நான்கு ஸ்பேட் கிடக்க, கையில் ஸ்பேட் ஏஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமைந்துவிட்டதாக நினைத்துப் பணத்தைத் தள்ளியவர்களை ஏறக்குறைய ஒவ்வொரு மேசையிலும் பார்க்கலாம்.

“பாட்-லிமிட்” என்பது பந்தயத்தின் உச்சவரம்பைக் குறிக்கும்: ஒருவர், தான் கட்ட வேண்டியதைக் கட்டிய பிறகு பாட்டில் (மேசை நடுவே சேரும் பந்தயப் பணத்தில்) எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அதற்கு மேல் ஏற்ற முடியும். 1/2 டாலர் பிளைண்ட் (இருவர் முன்கூட்டியே கட்டாயமாக வைக்கும் தொகைகள்; பெரியது பிக் பிளைண்ட்) உள்ள மேசையில் முதலில் ஏற்றுபவர் அதிகபட்சமாக 7 டாலர் வரை போகலாம். இது சிறிய தொகையாகத் தோன்றும். பிக் பிளைண்டில் இருப்பவர் மட்டும் அந்த 7-ஐக் கட்டினால் ஃப்ளாப் (மேசையில் திறக்கும் முதல் மூன்று சீட்டுகள்) வரும்போது பாட்டில் 15 டாலர் இருக்கும். அங்கே 15 பந்தயம் வைத்து மற்றவர் கட்டினால் 45. டர்னில் (நான்காம் சீட்டு) 45 வைத்துக் கட்டினால் 135. ரிவரில் (ஐந்தாம் சீட்டு) மீதமிருக்கும் 133-உம் உள்ளே போய்விடும். அதாவது 200 டாலரோடு அமர்ந்த இருவருடைய முழு ஸ்டாக்கும் ஃப்ளாப்புக்குப் பிறகு மூன்றே பந்தயங்களில் மேசைக்கு நடுவே வந்துவிடுகிறது. வரம்பு இருக்கிறது என்ற ஆறுதல் பெயரளவில்தான்.

நான்கு சீட்டு என்றால் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும், திறமைக்கு இடம் குறையும் என்கிறார்களே?

பாதி உண்மை. ஃப்ளாப்புக்கு முன் கைகளுக்கிடையிலான இடைவெளி குறைகிறது என்பது சரி. ஹோல்டெமில் ஏஸ் ஜோடி, கிங் ஜோடியை ஏறத்தாழ 82 விழுக்காடு முறை வெல்லும். ஒமாஹாவில் இரண்டு ஏஸும் இரண்டு கிங்கும் இரு இனங்களில் பொருந்தி வந்தாலும் (இதைவிட நல்ல கை அரிது), அதே போல் இரு இனங்களில் பொருந்திய 8-7-6-5-க்கு எதிரே அதன் நிலை ஏறத்தாழ 60-க்கு 40-தான். ஹோல்டெமில் சாத்தியமான தொடக்கக் கைகள் 1,326; ஒமாஹாவில் 2,70,725. நான்கு சீட்டில் ஆறு இணைகள் ஒளிந்திருக்கின்றன.

ஆனால் திறமை காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. முதல் சீட்டுகளிலேயே முன்னணி பெறும் வாய்ப்பு குறைவதால் ஃப்ளாப்புக்குப் பிறகு எடுக்க வேண்டிய முடிவுகள் எண்ணிக்கையிலும் தொகையிலும் கூடுகின்றன. அங்கே தவறு செய்பவர் பெரிதாகத் தவறு செய்கிறார். அதோடு, “நாலு சீட்டும் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது” என்று எல்லாக் கையையும் ஆட வைக்கும் குணம் ஒமாஹாவுக்கு உண்டு. பொழுதுபோக்குக்காக வருபவர் இதில் தோற்றாலும் அவ்வப்போது பெரிய பாட் ஒன்றை அள்ளுவார். ஆகவே மறுவாரமும் வருவார். மேசை உயிரோடிருப்பதற்கு அது ஒரு காரணம்.

அப்படியானால் லாபம் குறிப்பாக எங்கிருந்து வருகிறது?

இரண்டாவது சிறந்த கையோடு பணம் கட்டுபவரிடமிருந்து. ஒமாஹாவின் பாதிப் பாடம் இந்த ஒரு வரிதான், மீதிப் பாதி அதை விரிப்பது. அந்த நேரத்தில் அமையக்கூடிய கைகளிலேயே மிகச் சிறந்ததை, அதாவது ‘நட்ஸ்’ என்பதை, நோக்கி நகரும் சீட்டுகளை ஆடுவதும், மற்றவர் அதற்கு அடுத்த படியில் நின்று கட்டும்படி செய்வதும்தான் இங்கே தொழில்.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். உங்கள் கையில் ஜாக், 10, 7, 6. ஃப்ளாப்பில் 9, 8, 2, மூன்றும் வெவ்வேறு இனம். குயின், ஜாக், 10, 7, 6, 5 ஆகிய எது வந்தாலும் உங்களுக்கு ஸ்ட்ரெயிட் (அடுத்தடுத்த ஐந்து சீட்டு). எண்ணினால் 20 சீட்டுகள். பார்க்காத 45 சீட்டுகளில் 20 உதவும் என்றால், அடுத்த இரண்டு சீட்டுகளுக்குள் அவற்றில் ஒன்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு. ஹோல்டெமிலிருந்து வந்தவர் இதைப் பார்த்ததும் முழு ஸ்டாக்கையும் தள்ளிவிடுவார். ஆனால் ஜாக் வந்தால் குயினும் 10-உம் வைத்திருப்பவர் உங்களைவிட உயர்ந்த ஸ்ட்ரெயிட்டில் நிற்பார். 10 வந்தால் குயினும் ஜாக்கும் வைத்திருப்பவர் நிற்பார். நட்ஸைத் தருபவை குயின் 4, 7-இல் 3, 6-இல் 3, 5-இல் 4 என 14 மட்டுமே. மற்ற ஆறும் பணத்தை வரவழைக்கலாம், பறிக்கவும் செய்யலாம். போதாததற்கு, எதிரே ஒருவர் செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) வைத்திருந்தால் மேசையில் ஜோடி விழும்போது உங்கள் ஸ்ட்ரெயிட்டும் பயனற்றுப் போகும். 20-க்கும் 14-க்கும் உள்ள வேறுபாட்டை மேசையில் அமர்ந்தபடியே உணர்பவர், உணராதவரிடமிருந்து நீண்ட கால அளவில் பணம் பெறுகிறார்.

இன்னொரு ஊற்று, புதியவர் கண்ணுக்கே தெரியாதது. ஃப்ளாப் குயின், ஜாக், 10; அவற்றில் இரண்டு ஸ்பேட். இருவரிடமும் ஏஸும் கிங்கும் இருக்கின்றன. இருவருக்கும் ஒரே நட்ஸ். ஒருவரிடம் கூடுதலாக இரண்டு ஸ்பேட் இருக்கின்றன, மற்றவரிடம் மேம்பட வழி எதுவும் இல்லை. இருவரும் 200 டாலரை முழுமையாகப் போட்டால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முறை ஸ்பேட் வந்து ஒருவர் 400-ஐயும் எடுத்துக்கொள்வார். மற்ற முறைகளில் பாட் சரிபாதியாகப் பிரியும். சராசரியில் அவருக்கு 70 டாலருக்கு மேல் வரவு. எதிரே இருந்தவரோ “நட்ஸ் வைத்திருந்தேன், துரதிர்ஷ்டம்” என்றுதான் கணக்கெழுதுவார். அது துரதிர்ஷ்டம் அன்று. மேலே ஏறப் படியில்லாத நட்ஸுக்கு முழு ஸ்டாக்கையும் கட்டியது.

மேசை நடத்துபவர் எடுக்கும் ரேக் அவ்வளவு பெரிய விஷயமா? ஐந்து விழுக்காடுதானே?

நான் பார்த்தவரை ஒமாஹா ஆடி நஷ்டப்பட்டவர்களில் பலர் மோசமான ஆட்டக்காரர்கள் அல்லர். தாங்கள் கட்டும் வாடகையை ஒரு நாளும் கூட்டிப் பார்க்காதவர்கள். ஆகவே இந்த விடை மற்றவற்றைவிட நீளும்.

ரேக் என்பது ஒவ்வொரு பாட்டிலிருந்தும் மேசை நடத்துபவர் எடுக்கும் பங்கு. வழக்கமாக அது பாட்டில் இத்தனை விழுக்காடு என்றும், ஓர் உச்சவரம்போடும் இருக்கும். ஒமாஹாவில் ஃப்ளாப் பார்ப்பவர்கள் அதிகம், பாட்டுகள் பெரியவை. எனவே ஒரே விழுக்காடு என்றாலும் ஹோல்டெமைவிட அதிகப் பணம் போகிறது. சிறிய மேசைகளில் உச்சவரம்பு பெரும்பாலும் எட்டாத உயரத்தில் இருப்பதால் ஐந்து விழுக்காடு முழுதாகவே விழுகிறது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். இணையத்தில் ஆறு பேர் மேசை. சராசரிப் பாட் 15 பிக் பிளைண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து விழுக்காடு என்றால் கைக்கு 0.75 பிக் பிளைண்ட். நூறு கைக்கு 75. ஆறு பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு 12.5. மேசையில் எல்லாரும் சம திறமையுள்ளவர்கள் என்றால் ஒவ்வொருவரும் நூறு கைக்கு 12.5 பிக் பிளைண்ட் வேகத்தில் தோற்றுக்கொண்டிருப்பார்கள். வெல்பவர் எவரும் இரார். நூறு கைக்கு 5 பிக் பிளைண்ட் லாபம் வேண்டுமானால், ரேக் இல்லாத உலகில் 17.5 வெல்லும் அளவுக்கு நீங்கள் மற்றவர்களைவிடத் தேர்ந்தவராக இருக்க வேண்டும்.

நேரடி மேசையில் கணக்கு வேறு. லாஸ் வேகஸ் போன்ற இடத்தில் பிக் பிளைண்ட் 5 டாலராக உள்ள ஒன்பது பேர் மேசையில் மணிக்கு 25 கை நடக்கிறது. பாட்டுக்கு, ஜாக்பாட் பிடித்தத்தோடு சேர்த்து, 7 டாலர் எடுக்கிறார்கள் என்று கொள்வோம். உங்கள் பங்குக்கு மணிக்கு மூன்று பாட்டுக்குச் சற்றுக் குறைவு. சுமார் 20 டாலர். நூறு கைக்கு இது 16 பிக் பிளைண்ட் ஆகிறது. இணையத்தைவிட அதிகம்தான், ஆனால் நேரடி மேசையில் எதிராளிகளின் தவறுகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் தாங்குகிறது. பிளைண்ட் உயர உயர, உச்சவரம்பு மாறாமல் நிற்பதால் இந்தச் சுமை வேகமாக இறங்கும். டெக்சஸில் ரேக் எடுப்பது சட்டச் சிக்கல் என்பதால் சீட்டுக் கழகங்கள் இருக்கைக்கு மணிக்கு இவ்வளவு என்று வாங்குகின்றன. பெரிய பாட் ஆட்டமான ஒமாஹாவுக்கு இந்த முறை வெகுவாகச் சாதகம். ஒமாஹா அங்கே வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

மேசையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கட்டணப் பலகையைப் படியுங்கள். ஆட்டத்தைக் கற்க ஓராண்டு ஆகும், பலகையைப் படிக்க ஒரு நிமிடம் போதும்.

மூன்று மாதமாக வென்றுகொண்டிருக்கிறேன். நான் வெல்லும் ஆட்டக்காரன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

இன்னும் இல்லை. ஆறு பேர் ஆடும் பிஎல்ஓவில் முடிவுகளின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து விலகும் அளவு) நூறு கைக்கு 130 முதல் 160 பிக் பிளைண்ட் வரை இருப்பது வழக்கம். ஹோல்டெமில் அது பெரும்பாலும் 80 முதல் 100 வரை. 140 என்று எடுத்துக்கொண்டு, உண்மையிலேயே நூறு கைக்கு 5 வெல்லும் திறமை உள்ள ஒருவர் ஒரு லட்சம் கை ஆடுவதாகக் கொள்வோம். அவருக்கு எதிர்பார்க்க வேண்டிய வரவு 5,000 பிக் பிளைண்ட். ஆனால் அதைச் சுற்றியுள்ள திட்ட விலக்கம் சுமார் 4,400. இப்படிப்பட்ட எட்டுப் பேரில் ஒருவர், எந்தத் தவறும் செய்யாமலேயே, ஒரு லட்சம் கை முடிந்தும் நஷ்டத்தில் நிற்பார். மறுபுறம், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்ற தரத்தில் உள்ள எட்டுப் பேரில் ஒருவர் 5 வெல்பவரைப் போலத் தோற்றமளிப்பார்; பேட்டி கொடுப்பவரும் பெரும்பாலும் அவரே.

நேரடி மேசையில் மணிக்கு 25 கை என்றால் ஒரு லட்சம் கைக்கு 4,000 மணி நேரம் வேண்டும். வாரம் 40 மணி நேரம் ஆடினாலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். எனவே வரவு செலவை மட்டும் பார்த்துத் தன்னை மதிப்பிடுவது வீண். பெரிய பாட்டுகளில் பணம் உள்ளே போன நேரத்தில் உங்கள் நிலை என்ன, எதிராளி எதை வைத்துக் கட்டினார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்து, வாரம் ஒரு முறை படிப்பது பயன் தரும். நான் அப்படி எழுதத் தொடங்கிய முதல் மாதத்தில், “துரதிர்ஷ்டம்” என்று நானே பெயரிட்டிருந்த கைகளில் பாதிக்கு மேல் இரண்டாம் தரக் கையோடு கட்டியவை என்று தெரிந்தது. படிக்க இனிமையாக இல்லை.

எவ்வளவு முதலோடு இறங்க வேண்டும்?

நூறு பிக் பிளைண்டை ஒரு முதலீட்டு அலகாக வைத்தால், “50 அலகு போதும்” என்றும் “100 வேண்டும்” என்றும் இரு கட்சிகள் உண்டு. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு. நூறு கைக்கு 5 வெல்பவர், திட்ட விலக்கம் 140 என்றால், முழு முதலும் கரைந்துபோகும் அபாயத்தை 5 விழுக்காட்டுக்குள் வைக்க ஏறத்தாழ 59 அலகுகள் தேவை. வெல்லும் வேகம் 2 ஆகக் குறைந்தால் அதே பாதுகாப்புக்கு 147 அலகுகள் தேவைப்படும். வெல்லாதவருக்கு எந்தத் தொகையும் போதாது. தன் வேகம் என்னவென்று யாருக்கும் துல்லியமாகத் தெரியாது என்பதை முந்தைய விடையில் பார்த்தோம். ஆகவே நூறு அலகுக்குக் கீழே இறங்கும்போது மேசையையும் ஒரு படி இறக்கிக்கொள்வதே சரி என்பேன். குடும்பச் செலவுக்கான பணம் இந்தக் கணக்கில் சேராது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

உச்சநிலை ஆட்டக்காரர்களுக்கும் இந்த ஏற்ற இறக்கம் உண்டா?

2009-இன் இறுதி இதற்குத் தக்க சான்று. ‘இசில்துர்1’ என்ற பெயரில் ஆடிய ஸ்வீடன் இளைஞர் விக்டர் புளோம், அந்த நவம்பர் 21-ஆம் நாள் ஃபுல் டில்ட் என்ற இணையப் போக்கர் தளத்தில் பாட்ரிக் அன்டோனியஸிடம் ஒரே கையில் 13,56,947 டாலர் பாட்டை இழந்தார். ஆட்டம் பாட்-லிமிட் ஒமாஹா, பிளைண்ட் 500/1,000. இரண்டரை வாரம் கழித்து, டிசம்பர் 8 அன்று பிரையன் ஹேஸ்டிங்ஸ் சில மணி நேரத்தில் அவரிடமிருந்து ஏறத்தாழ 42 லட்சம் டாலர் வென்றார். ஹேஸ்டிங்ஸ் நண்பர்களோடு சேர்ந்து புளோமின் பழைய கைகளை ஆராய்ந்துவிட்டு அமர்ந்தார் என்பது பின்னர் வெளிவந்து, அது தள விதிகளுக்கு உட்பட்டதா என்ற சர்ச்சையாயிற்று. புளோம் திறமையற்றவர் என்று எவரும் சொல்லவில்லை. தம் முதலுக்குப் பொருந்தாத உயரத்தில், தம்மைப் படித்துவிட்டு வந்தவர்களோடு ஆடினார்.

கணினி நிரல்கள் ஆட்டத்துக்கு முழு விடை கண்டுவிட்டனவா?

ஹோல்டெம் அளவுக்கு இல்லை. மாங்கர்சால்வர் போன்ற நிரல்கள் ஒமாஹாவுக்கும் உண்டு. ஆனால் கைகளின் எண்ணிக்கை இருநூறு மடங்குக்கு மேல் என்பதால் அவை பல இடங்களில் கைகளைத் தொகுத்து, தோராயமாகவே விடை காண்கின்றன. அந்த விடையை மனப்பாடம் செய்வதும் கடினம். சிறிய மேசையில் ஆடுபவருக்கு, எந்தக் கைகளோடு உள்ளே நுழைவது என்ற அட்டவணையே இந்த நிரல்களிடமிருந்து கிடைக்கும் பெரிய பயன்.

“ரன் இட் ட்வைஸ்” செய்தால் நஷ்டம் குறையுமா?

குறையாது, கூடவும் செய்யாது. முழுப் பணமும் உள்ளே போன பிறகு மீதிச் சீட்டுகளை இரண்டு முறை விரித்துப் பாட்டைப் பிரிப்பதால் சராசரி அப்படியே இருக்கும், ஏற்ற இறக்கம் மட்டும் சற்றுத் தணியும். ஒப்புக்கொள்வதில் கேடில்லை.

ஐந்து சீட்டு, ஆறு சீட்டு ஒமாஹா?

ஐந்து சீட்டில் பத்து இணைகள், ஆறில் பதினைந்து. கைகள் மேலும் நெருங்குகின்றன, நட்ஸுக்குக் கீழே உள்ள எதுவும் மேலும் மலிவாகிறது. பொழுதுபோக்குக்காரர்கள் அங்கே திரள்வதால் தவறுகள் பெரியவை. பாட்டுகள் பெரியவை என்பதால் ரேக்கும் பெரியது. நான்கு சீட்டில் கணக்கு நேராகும் முன் அங்கே போக வேண்டாம்.

வரியும் சட்டமும் லாபத்தை எப்படிப் பாதிக்கின்றன?

நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 முதல் சூதாட்ட இழப்பில் 90 விழுக்காட்டை மட்டுமே வருவாயில் கழிக்கலாம். ஆண்டில் 2,00,000 டாலர் வென்று 1,90,000 தோற்றவருக்கு உண்மை லாபம் 10,000. வரி விதிக்கப்படும் தொகையோ 29,000. வெற்றியும் தோல்வியும் பெரிய தொகைகளாக மாறி மாறி வரும் ஒமாஹாவை இது குறிப்பாகத் தாக்குகிறது.

இந்தியாவில் கேள்வியே மாறிவிட்டது. ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடையிலிருந்து அவற்றை நீக்கியது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறனா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடே இன்றி, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதற்குத் தடை விதித்தது. பெரிய தளங்கள் பண மேசைகளை மூடின. அதற்குப் பிறகும் வெளிநாட்டுத் தளம், தனிப்பட்ட செயலி என்று அழைப்பவர்களிடம் வென்ற பணம் கைக்கு வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கணக்கில் அதைப் பூஜ்யமாகவே எழுத வேண்டும்.

முழுநேரமாக ஆடினால் மணிக்கு என்ன நிற்கும்?

சட்டப்படி ஆடக்கூடிய ஊரில், 5 டாலர் பிக் பிளைண்ட் நேரடி மேசையில், ரேக் போக நூறு கைக்கு 20 வெல்லும் நல்ல ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 25 கை என்றால் 5 பிக் பிளைண்ட், 25 டாலர். சீட்டுப் போடுபவருக்கு அன்பளிப்பாக, வெல்லும் பாட்டுக்கு ஒரு டாலர் வீதம் மூன்று போனால் 22. ஆண்டுக்கு 1,500 மணி நேரம் ஆடினால் 33,000 டாலர். மருத்துவக் காப்பீடும் வரியும் இதற்குள்ளிருந்துதான் வர வேண்டும். திட்ட விலக்கம் அதே 140 என்று கொண்டால் (ஆழமான ஸ்டாக்குகளோடு ஆடும் மேசையில் இது இன்னும் கூடும்) ஆண்டின் ஏற்ற இறக்கம் 13,500 டாலர் அளவுக்கு இருக்கும். ஆகவே ஆறு ஆண்டுகளில் ஓராண்டு, ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லாமலேயே, 19,500 டாலருக்கும் கீழே முடியும். அது எந்த ஆண்டு என்பது முன்கூட்டித் தெரியாது.